மெட்ரோபோலின் சிறுமிகள்

நேவா நதிக்கரை

பீட்டர்ஸ்பர்க்கில், வசீலியெவ்ஸ்கி தீவின் ஓரமாக ஓடும் லெப்டினன்ட் ஷ்மிட் கரைச்சாலையில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. உயரமும் இல்லை, அலங்காரமும் இல்லை. நதியைப் பார்த்து நடக்கிறவர்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். 1922இன் இலையுதிர்காலத்தில் ரஷ்யாவின் தத்துவ அறிஞர்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள் பலரைக் குடும்பத்தோடு நாடு கடத்திய கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து கிளம்பின. செப்டம்பர் கடைசியில் ஒரு ஜெர்மன் கப்பல், நவம்பரில் இன்னொன்று. இரண்டும் ஷ்டெட்டின் துறைமுகத்துக்குப் போயின. தத்துவ அறிஞர் நிகலாய் பெர்த்யாயெவ் முதல் கப்பலில் இருந்தார். ஆளுக்கு ஒரு குளிர்கால மேல்கோட்டு, ஒரு கோடைக்கால மேல்கோட்டு, ஒரு சூட்டு, கொஞ்சம் உள்ளாடைகள் கொண்டுபோகலாம். கல்யாண மோதிரத்தைத் தவிரத் தங்கம் எதுவும் கூடாது.

மதுரையிலிருந்து வந்திருந்த தாயும் மகளும் அந்தக் கல்லைத் தேடிப் பிடித்துத்தான் தங்கள் பயணத்தைத் தொடங்கினார்கள். அம்மா ஓய்வுபெற்ற நூலகர். மகள் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கிறவர். இருவரையும் இத்தனை தூரம் இழுத்து வந்தது ஒரே நாவல்: 2016இல் வெளிவந்த அமோர் டவுல்ஸின் ‘எ ஜென்டில்மேன் இன் மாஸ்கோ’. அந்தக் கதையும் 1922இல்தான் தொடங்குகிறது. அலெக்சாந்தர் ரஸ்தோவ் என்ற பிரபு போல்ஷெவிக் விசாரணைக் குழுவின் முன் நிற்கிறார். புரட்சிக்கு முன்பு அவர் பெயரில் வந்த ஒரு கவிதை அவரைத் துப்பாக்கிக் குண்டிலிருந்து காப்பாற்றுகிறது. மாஸ்கோவின் மெட்ரோபோல் ஓட்டலை விட்டு ஆயுள் முழுக்க வெளியே வரக்கூடாது, வந்தால் சுட்டுவிடுவோம் என்பது தீர்ப்பு. மூன்றாம் மாடியின் பெரிய அறைகளிலிருந்து மொட்டைமாடிக்குக் கீழே உள்ள சின்ன அறைக்கு அவரை மாற்றுகிறார்கள். ஞானத்தந்தையின் மேசை, அப்பாவின் கடிகாரம், தங்கையின் படம் என்று முடிந்ததை எல்லாம் படியேற்றிக்கொண்டு போகிறார் ரஸ்தோவ். மேசைக் கால்களுக்குள் தங்கக் காசுகள் ஒளிந்திருக்கின்றன.

மகளுக்கு இந்த நாவல் உயிர். அம்மாவுக்கும் பிடிக்கும், ஆனால் ஒரு மனத்தாங்கல் உண்டு. “கப்பல்ல போனவங்களுக்கு ரெண்டே ரெண்டு கோட்டு. இவருக்கு மட்டும் ஞானத்தந்தை மேசையா?” என்றார், கல்லைத் தொட்டுப் பார்த்தபடி. பயணம் முழுக்க இந்தக் கேள்வி அவர்களோடு கூடவே வந்தது.

மத்தியான சாப்பாடு ஒரு ஸ்தலோவயாவில். தட்டை ஏந்தி வரிசையில் நகர்ந்து, வேண்டியதைக் காட்டி வாங்கும் எளிய உணவகம் அது. அம்மா சைவம். கவுன்டர் பெண்மணியிடம் இறைச்சி வேண்டாம் என்று சொல்லப் பழகிய இரண்டு ரஷ்யச் சொற்களைச் சொன்னார். அந்த அம்மாள் தலையாட்டி, கோழித் துண்டு மிதக்கும் சூப்பைக் காட்டினார். மறுபடியும் தலையசைப்பு, மறுபடியும் விளக்கம். கடைசியில் அவரே உள்ளேயிருந்து வெளியே வந்து, தட்டில் ஒவ்வொன்றாக வைத்தார்: பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் ஊறுகாய் வெள்ளரியும் பட்டாணியும் கலந்த வினிக்ரேட், காளானோடு கிளறிய கிரேச்கா என்ற பக்வீட் தானியம், முட்டைக்கோஸ் அடைத்த பிரோஷ்கி, ஒரு டம்ளர் சிவப்புப் பெர்ரிச் சாறு. காசு வாங்கும்போது அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். கிரேச்காவின் வறுத்த வாசனை நூலகருக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஊர் திரும்பும்வரை அவருக்கு அதுதான் சோறு.

இரவு ரயில்

‘கிராஸ்னயா ஸ்த்ரெலா’, அதாவது சிவப்பு அம்பு, 1931இலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ஓடுகிறது. இரவு 11.55க்குக் கிளம்பும்போது நடைமேடை ஒலிபெருக்கியில் கிளியேர் இசையமைத்த நகரப் பண் ஒலிக்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். 1918 மார்ச் 10 இரவு லெனினும் அவருடைய அரசும் இதே திசையில்தான் ரயிலேறினார்கள். ஆனால் நகரின் பெரிய நிலையத்தில் ஏறவில்லை. ஜெர்மன் படை நெருங்கி வந்த நேரம், நகருக்குள்ளும் எதிரிகள் இருந்தார்கள். ஒதுக்குப்புறமான ஒரு நடைமேடையில் விளக்கு அணைத்து ஏறினார்கள். மறுநாள் மாலை மாஸ்கோ. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தலைநகரம் இடம் மாறியது இப்படித்தான்.

அத்தனை அமைச்சர்களையும் அலுவலர்களையும் குடும்பங்களையும் மாஸ்கோவில் எங்கே தங்கவைப்பது? ஓட்டல்களில்தான். ‘நேஷனல்’ முதலாம் சோவியத் இல்லம் ஆயிற்று, லெனின் முதலில் அங்கேதான் இருந்தார். ‘மெட்ரோபோல்’ இரண்டாம் சோவியத் இல்லம் ஆயிற்று.

பெட்டிப் பொறுப்பாளரான பெண்மணி தேநீர் கொண்டுவந்தார். கண்ணாடி டம்ளரைத் தாங்கும் பத்ஸ்தகான்னிக் ரஷ்ய ரயிலின் அடையாளம். கனமான உலோகம், பக்கவாட்டில் புடைப்பாக ஒரு ரயில் எஞ்சினும் இலைக்கொத்தும், விரல் நுழைய ஒரு வளையம். ரயில் ஆடும்போது டம்ளர் கவிழாது, கையும் சுடாது. கரண்டியை டம்ளரிலேயே விட்டு, கட்டைவிரலால் அதை ஓரமாகப் பிடித்துக்கொண்டு குடிப்பது எப்படி என்று அவர் செய்து காட்டினார். மெட்ரோபோலைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று மகள் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த ஓட்டலுக்குள் அவர் காலடி வைத்ததே இல்லை. “உள்ளே போனால் என்ன இருக்கிறது? வெளியே நின்று மேலே பாருங்கள். இளவரசி மேலே இருக்கிறாள்” என்றார்.

தியாத்ரால்னயா சதுக்கம், மாஸ்கோ

சுரங்க ரயிலில் ‘புரட்சிச் சதுக்கம்’ என்ற நிலையத்தில் இறங்கினால் மெட்ரோபோல் பக்கம்தான். 1938இல் திறந்த நிலையம் இது. வளைவுகளின் அடியில் மத்வேய் மனீசெர் வடித்த 76 வெண்கல உருவங்கள்: மாலுமி, விவசாயி, மாணவி, எல்லைக் காவலரும் அவர் நாயும். வளைவு தாழ்வானதால் பெரும்பாலோர் மண்டியிட்டோ குனிந்தோ இருக்கிறார்கள். நாயின் மூக்கைத் தடவினால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. ஓடுகிற ஓட்டத்தில் கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போகிறார்கள், அலுவலகத்துக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை, பூங்கொத்தோடு ஒரு பாட்டி. நாயின் உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கு மட்டும் பொன்னாக மின்னுகிறது. மகள் தொட்டார். அம்மா, நாயின் தலையைத் தடவினார்.

வெளியே வந்தால் சதுக்கம். ஒரு பக்கம் பல்ஷோய் தியேட்டரின் வெள்ளைத் தூண்கள். நடுவில் 1961இல் வைத்த கார்ல் மார்க்ஸ், கருங்கல்லிலிருந்து பாதி வெளிப்பட்டவராக. அவர் பார்வை படுகிற தூரத்தில் மெட்ரோபோல்.

அந்தக் கட்டடத்தைக் கனவு கண்டவர் சவ்வா மாமந்தவ். ரயில்பாதை போட்ட தொழிலதிபர். ஓவியர்களையும் பாடகர்களையும் தன் வீட்டுப் பிள்ளைகள்போல் வளர்த்த ரசிகர். 1899இல் நிதி மோசடி வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். பின்னர் குற்றமற்றவர் என்று விடுதலையானாலும் சொத்து போய்விட்டது. ஓட்டலை வேறு கைகள்தான் முடித்தன. 1905இல் அது திறந்தபோது மின்தூக்கி, வெந்நீர், தொலைபேசி எல்லாம் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை.

ரயில் பெண்மணி சொன்ன இளவரசி நிஜமாகவே மேலேதான் இருக்கிறாள். முகப்பின் உச்சியில், மிஹயில் வ்ரூபெலின் ஓவியத்தை மெருகிட்ட மண்ணோடுகளில் சுட்டுப் பதித்திருக்கிறார்கள். கப்பலில் சாகக் கிடக்கும் பாடகன், அவன் மேல் குனியும் தொலைதேசத்து இளவரசி. மழை நாளில் அந்த ஓடுகள் பச்சையும் நீலமுமாக மின்னுகின்றன. அதற்குக் கீழே, கட்டடத்தைச் சுற்றி ஓடும் பட்டையில், பாட்டாளி வர்க்க ஆட்சியே மனிதகுலத்தை மூலதனத்தின் நுகத்தடியிலிருந்து மீட்கும் என்ற லெனினின் வாசகம். இளவரசியும் லெனினும் ஒரே சுவரில். மகள் நாவலை மறந்து நின்றது அந்த இடத்தில்தான்.

உள்ளே காலைச் சிற்றுண்டி. கூடத்தின் நடுவில் பளிங்கு நீரூற்று. ஒரு பெண் ஹார்ப் வாசிக்கிறார். மேலே கண்ணாடி வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் இறங்குகிறது. மெல்லிய பிளினி அப்பத்தில் புளித்த பாலேடான ஸ்மெத்தானாவைத் தடவி, தேனடையிலிருந்து நேரே வழியும் தேனைச் சேர்த்து மடித்துக் கொடுத்தார் பரிமாறும் பெரியவர். நாவலில் ஓட்டலின் கூரைமேல் ஒரு கிழவர் தேனீ வளர்ப்பார். ஒரு நாள் அந்தத் தேனில் ரஸ்தோவுக்குத் தன் ஊரின் ஆப்பிள் பூ வாசனை வரும். பெரியவரிடம் மகள் அதைக் கேட்டார். இங்கே வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் இதைக் கேட்பதாகவும், இன்னும் சிலர் மாடி அறை எங்கே என்று கேட்பதாகவும் பெரியவர் பொறுமையாகச் சொன்னார்.

இந்தக் கூடத்தின் உண்மைக் கதை நாவலைவிடக் கனமானது. 1917இன் மாஸ்கோ சண்டையில் இளநிலை ராணுவ மாணவர்கள் இந்தக் கட்டடத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள். போல்ஷெவிக்குகள் பீரங்கியால் அடித்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. சில மாதங்களில், அடித்தவர்களே குடியேறினார்கள். சாப்பாட்டு மேசைகள் இருந்த இடத்தில் மத்திய செயற்குழு கூடியது. அதன் தலைவர் யாக்கவ் ஸ்வெர்த்லோவ் இங்கே வேலை பார்த்தார். புதிய நாட்டின் முதல் அரசியல் சட்டத்தின் வரைவு வேலை நடந்ததும் இந்த ஓட்டலில்தான். வெளியுறவுத் துறையும் அதன் தலைவர் சிச்செரினும் இங்கேயே இருந்தார்கள். ஆக, டவுல்ஸின் பிரபு ‘சிறை’ புகுந்த 1922இல் மெட்ரோபோல் பெரும்பாலும் ஓட்டலே இல்லை, ஆட்சியாளர்களின் குடியிருப்பு. தாழ்வாரங்களில் குழந்தைகளின் ஓட்டம், மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி, கதவுக்குக் கதவு அரசியல் வாக்குவாதம்.

அந்த ஆண்டு மாஸ்கோவில் ஒரு சென்னைக்காரரும் இருந்தார். ம. பா. தி. ஆச்சார்யா. பாரதி நடத்திய ‘இந்தியா’ இதழோடு நெருங்கி இருந்து, பிறகு உலகம் சுற்றி, 1919இல் லெனினைச் சந்தித்த இந்தியர் குழுவில் ஒருவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். கட்சியைத் தொடங்கிய இன்னொருவரான எம். என். ராயோடு கருத்து மோதி வெளியேறியபின், மாஸ்கோவில் மக்தா நாஹ்மன் என்ற ரஷ்ய ஓவியரை மணந்தார். கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை ஓவியமாகத் தீட்டியவர் மக்தா. 1922இல் இருவரும் பெர்லின் போனார்கள். மக்தாவின் கடைசிக் காலம் பம்பாயில் கழிந்தது. பாரதியின் ‘புதிய ருஷ்யா’வைப் படிக்கும் தமிழ்நாட்டில், அந்தப் புதிய ருஷ்யாவுக்குள் போய், பார்த்து, முரண்பட்டு வந்த இந்த மனிதரைப் பற்றி அதிகம் பேசாதது வேதனை. கூடத்தில் உட்கார்ந்து நூலகர் அதிகம் பேசியது பிரபுவைப் பற்றியல்ல, ஆச்சார்யாவைப் பற்றி.

மாடிப்படி

நாவலில் நீனா என்று ஒரு சிறுமி வருகிறாள். ஒன்பது வயது. ஓட்டலின் எல்லாக் கதவையும் திறக்கும் சாவி அவளிடம் இருக்கிறது. அடித்தளம், தையலறை, பாத்திர அறை என்று பிரபுவைக் கூட்டிப்போய், அவருடைய சிறையை ஓர் உலகமாக்கிக் காட்டுகிறவள் அவள்தான். வளர்ந்து புரட்சியில் நம்பிக்கை வைக்கிறாள். 1938இல் அவள் கணவனைக் கைது செய்து தொலைதூர முகாமுக்கு அனுப்புகிறார்கள். அவனைத் தேடிப் போகும் வழியில், தன் மகளைப் பிரபுவிடம் ஒப்படைக்கிறாள். திரும்பி வருவதில்லை.

மெட்ரோபோலின் மாடிப்படிகளில் அதே காலத்தில் நிஜமாக ஓடி விளையாடிய ஒரு சிறுமி உண்டு. அன்னா லாரினா. 1914இல் பிறந்தவள். வளர்ப்புத் தந்தை யூரி லாரின் பொருளாதாரம் அறிந்த புரட்சிக்காரர், குடும்பம் மெட்ரோபோலில். போல்ஷெவிக் தலைவர்களில் ஒருவரான நிகலாய் புகாரினும் அங்கேதான். சிரிப்பும் ஓவியமும் செல்லப் பிராணிகளுமாக இருந்த புகாரின்மேல் சிறுமிக்குக் கொள்ளை அன்பு. ஒரு நாள் அன்பைச் சொல்லி ஒரு சீட்டு எழுதி, அவர் அறைக்குக் கொண்டுபோகிறாள். படியில் ஸ்டாலின் எதிர்ப்படுகிறார். அவரும் புகாரினைப் பார்க்கத்தான் போகிறார் என்று தெரிந்ததும், இதைக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் கையிலேயே தந்துவிடுகிறாள். பின்னாளில் லாரினா தன் நினைவுக் குறிப்பில் எழுதிய சம்பவம் இது.

1934இல் புகாரினை மணந்தார் அன்னா. 1937 பிப்ரவரியில் புகாரின் கைது. அதற்கு முன் எதிர்காலத் தலைமுறைக்கு அவர் எழுதிய கடிதத்தை அன்னா வரி விடாமல் மனப்பாடம் செய்து, காகிதத்தை அழித்தார். 1938 மார்ச் 15 அன்று புகாரினைச் சுட்டார்கள். அன்னாவுக்கு முகாம், சிறை, உள்நாட்டிலேயே நாடுகடத்தல், ஏறக்குறைய இருபது ஆண்டுகள். கைக்குழந்தையாகப் பிரிந்த மகனை அவர் மறுபடி பார்த்தபோது மகன் இளைஞன். இத்தனை காலமும் அந்தக் கடிதத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிக் காத்தார். 1988இல் புகாரினின் மேலிருந்த குற்றம் நீங்கியது. கடிதமும் அச்சேறியது.

இன்னொரு சிறுமி லுத்மீலா பெத்ருஷெவ்ஸ்கயா. 1938 மே மாதம், புகாரின் இறந்த இரண்டு மாதத்தில், மெட்ரோபோலில் குடியிருந்த பழைய போல்ஷெவிக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத்தினர் ‘மக்களின் எதிரிகள்’ ஆனார்கள். போர்க்காலத்தில் குய்பிஷெவ் நகரில் பசியோடு, தெருவில் பாடிப் பிழைத்த குழந்தைப் பருவத்தை, பெரிய எழுத்தாளரான பிறகு ‘மெட்ரோபோலின் சின்னப் பெண்’ என்ற நூலில் எழுதினார்.

நூலகரின் மனத்தாங்கல் இந்தப் படியில் நின்றபோது தெளிவான வழக்காயிற்று. பழைய பிரபு உள்ளே அடைபட்டுப் பிழைக்கிறார், வெளியே காலம் எரிகிறது என்பது நாவல். நடந்தது வேறு. எரிந்தவர்கள் இதே ஓட்டலில் குடியிருந்தவர்கள், கதவுகளின் சாவியைக் கையில் வைத்திருந்தவர்கள். “பிரபுவுக்கு முப்பத்திரண்டு வருஷம் உயிர் கொடுத்தார் இல்ல, அந்த நீனாவுக்கு ஏன் ஒரு அத்தியாயம்கூடக் கொடுக்கல?” மகள் விட்டுக்கொடுக்கவில்லை. “அவ திரும்பி வரலைங்கறதுதான்ம்மா அந்த அத்தியாயம். அன்னைக்கு வீட்ல காத்திருந்தவங்களுக்கு அவ்வளவுதானே தெரியும்?”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மெட்ரோபோலைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க நேரமிருக்கிறவர், டவுல்ஸுக்கு முன்னால் லாரினாவைப் படிக்க வேண்டும்.

லுபியான்கா

ஓட்டல் வாசலிலிருந்து ஒரு பக்கம் சாலையைக் கடந்தால் யூனியன் மாளிகை. புரட்சிக்கு முன்பு அது பிரபுக்களின் மன்றம், ரஸ்தோவ் போன்றவர்கள் நடனமாடிய தூண் மண்டபம் அங்கேதான். 1931 ஜூலையில், மெட்ரோபோலில் தங்கியிருந்த பெர்னார்ட் ஷாவுக்கு அதே தூண் மண்டபத்தில் எழுபத்தைந்தாம் பிறந்தநாள் விழா எடுத்தார்கள். 1938 மார்ச்சில் அதே மாளிகையின் இன்னொரு கூடத்தில் புகாரினின் விசாரணை நடந்தது.

ஓட்டலின் மறுபக்கம் மேடேறினால் சில நிமிடங்களில் லுபியான்கா. புரட்சிக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனம் கட்டிய மஞ்சள் மாளிகை, பிறகு ரகசியப் போலீசின் தலைமையகமும் சிறையும். ஆக, குடியிருந்த அறை, விசாரித்த கூடம், அடைத்த சிறை, மூன்றையும் காலாற நடந்தே பார்த்துவிடலாம். இந்த நெருக்கம் எந்தப் புத்தகத்திலும் உறைப்பதில்லை. கால் நடந்தால்தான் உறைக்கிறது.

எதிரே சிறு பூங்காவில் சலவ்யெத்ஸ்கி தீவிலிருந்து கொண்டுவந்த பாறை. முதல் முகாம்களில் ஒன்று இருந்த தீவு அது. 1990 அக்டோபர் 30 அன்று பாறையை நிறுவினார்கள். ‘மெமோரியல்’ அமைப்பு 2007 முதல் ஒவ்வோர் அக்டோபர் 29இலும் இங்கே மக்களை வரிசையில் நிற்கவைத்து, சுடப்பட்டவர்களின் பெயர், வயது, தொழில், இறந்த நாள் ஆகியவற்றை வாசிக்கச் செய்தது. 2020இலிருந்து அந்தக் கூடுகைக்கு அனுமதி இல்லை. 2021 கடைசியில் நீதிமன்ற உத்தரவால் அமைப்பே கலைக்கப்பட்டது. பாறை மட்டும் இருக்கிறது. தாயும் மகளும் போனபோது வயதான ஒருவர் இரண்டு கார்னேஷன் பூக்களை வைத்துவிட்டு, காய்ந்த பூக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ரஷ்யாவில் இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள். மகள் கையில் இருந்தது ஒற்றைப் பூ. அவர் தன் பையிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

நீழ்னி நோவ்கரத்

டவுல்ஸின் பிரபு வளர்ந்த மண் நீழ்னி நோவ்கரத் மாகாணம். 1954இல் ஓட்டலிலிருந்து தப்பி அவர் வந்து சேர்வதும் இங்கேதான். மாஸ்கோவிலிருந்து பகல் ரயிலில், பிர்ச் மரங்களின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே வந்துவிடலாம். ஓகா நதி வல்காவில் கலக்கும் இடத்தில், மேட்டின் மேல் செங்கல் கோட்டை. கீழே இரண்டு நிறத் தண்ணீர். மாஸ்கோவின் அவசரம் இங்கே இல்லை. தெருவில் வழி கேட்டால் நின்று, கூடவே கொஞ்ச தூரம் வந்து காட்டுகிறார்கள்.

மெட்ரோபோலின் இளவரசியும் இந்த ஊரில்தான் முதலில் மேடை ஏறினாள். 1896இல் இங்கே அகில ரஷ்யக் கண்காட்சி. மாமந்தவ், வ்ரூபெலிடம் பிரமாண்டமான ஓவியங்கள் வரையச் சொன்னார். கலைக் கழகத்தின் நடுவர்கள் ஏற்கவில்லை. மாமந்தவ் விடவில்லை, கண்காட்சிக்கு வெளியே தனிக் கொட்டகை போட்டு மக்களுக்குக் காட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த இளம் மாக்சிம் கார்க்கியும் அந்த ஓவியங்களைச் சாடியவர்களில் ஒருவர். அந்த மூல ஓவியம் இன்று மாஸ்கோவின் ட்ரெத்யாகோவ் காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்க நிற்கிறது. நடுவர்கள் தள்ளியது மாமந்தவ் கனவு கண்ட ஓட்டலின் நெற்றியில் ஏறியது என்பது இந்தக் கதையின் நிறைவான பகுதி.

நதிமுனையில், கதீட்ரலுக்கு அருகே, அந்தக் கண்காட்சியில் நின்ற இரும்புச் சட்டகங்கள் பின்னர் கிடங்குகளாகி, பல காலம் மறைந்து கிடந்து, இப்போது கச்சேரி மண்டபமாகியிருக்கின்றன. மெல்லிய இரும்புப் பின்னல், கண்ணாடிச் சுவர், அப்பால் வல்கா. உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

சந்தையில் அந்தோனவ்கா ஆப்பிள் குவிந்திருந்த பருவம். வெளிர் மஞ்சள், கையில் எடுத்தாலே மணக்கிறது, கடித்தால் புளிப்பு. விற்ற பாட்டி, தலையில் கட்டிய துண்டைச் சரிசெய்துகொண்டே, மரத்தொட்டியில் ஊறவைத்த ஆப்பிளை வெட்டி நீட்டினார். அடியில் ரை தானியத்தின் வைக்கோல், மேலே பிளாக்கரன்ட் செடியின் இலை, ஓர் அடுக்கு ஆப்பிள், மறுபடி வைக்கோல். தேன் கரைத்த உப்புத் தண்ணீரை ஊற்றி, கல்லை வைத்து அழுத்தி, குளிர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் விட வேண்டும். பாட்டியின் கிராமத்திலும் ஒரு பண்ணை வீடு இருந்ததாம். முதலில் பள்ளிக்கூடம் ஆயிற்று, பிறகு கிடங்கு, பிறகு கூரை போயிற்று. தோட்டத்து மரங்களிலிருந்து ஒட்டு எடுத்து ஊரார் தங்கள் கொல்லையில் வைத்துக்கொண்டார்கள். இந்த ஆப்பிள் அந்த மரத்தின் வழிதான் என்றார்.

அம்மா பென்சிலை எடுத்துச் செய்முறையைக் குறிப்பேட்டில் எழுதினார். ரை வைக்கோலுக்குப் பதில் நெல் வைக்கோல் போடலாமா என்று கேட்கச் சொன்னார். மகள் கைபேசியில் கேட்டார். பாட்டி நெல் வைக்கோலைப் பார்த்ததில்லை. முதலில் ஒரு சின்னத் தொட்டியில் போட்டுப் பாருங்கள், ருசி வந்தால் அடுத்த வருஷம் பெரிய தொட்டி என்று சொல்லிவிட்டு, இரண்டு கிலோ நிறுத்தார்.